ஒரு சொட்டு ரத்தம் எவ்வளவு சொல்லும்?

கேள்வி: என் தம்பி ஒரு தாலுகா ஊரில் சிறிய கிளினிக் நடத்துகிறார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பத்து நிமிடத்தில் 50 பரிசோதனைகளைச் செய்துவிடும் கைக்கருவி என்று ஒருவர் விற்க வந்திருக்கிறார். இப்படிப்பட்ட கருவிகளை நம்பலாமா? இனி லேப் இல்லாமலே சமாளித்துவிட முடியுமா?

பதில்:

சிறிய கருவிகளை நம்பலாம். ஒரே சொட்டில் 50 என்பவரை நம்ப வேண்டாம். சுருக்கமான பதில் இவ்வளவுதான். காரணம் சொல்லத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வார்டுகளில் இருக்கும் குளுக்கோமீட்டர்களையும் ரத்த வாயுக் கருவிகளையும் ஆய்வக இயந்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. கைக்கருவிகள் மேல் எனக்குப் பகை கிடையாது. அவை இல்லாமல் எங்கள் அவசரப் பிரிவு ஒரு நாள்கூட ஓடாது.

கருவியைச் சிறிதாக்குவது பெரும்பாலும் தீர்ந்துபோன பிரச்சினை. சிலிக்கான் தகட்டில் முடியளவு வாய்க்கால் வெட்டி, அதையே பகுப்பாய்வுக் கருவியாக்கும் வேலையை ஸ்டான்ஃபோர்டில் 1979-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். சிக்கல் அந்த வாய்க்காலுக்குள் போகும் சொட்டில் இருக்கிறது. அதில் நாம் தேடும் பொருள் எத்தனை இருக்கிறது, அந்தச் சொட்டை எப்படி எடுத்தோம் என்ற இரண்டு கேள்விகளைத்தான் விற்பனைப் பேச்சில் யாரும் தொடுவதில்லை.

முதலில் எண்ணிக்கை. குளுக்கோமீட்டர் பட்டை உறிஞ்சிக்கொள்வது அரை மைக்ரோலிட்டர் அளவு ரத்தம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சர்க்கரை 100 மி.கி. இருப்பவரின் ரத்தத்தில் அந்த அரை மைக்ரோலிட்டருக்குள் குளுக்கோஸ் மூலக்கூறுகள் சுமார் 1,600 லட்சம் கோடி இருக்கும். இவ்வளவு குவிந்து கிடக்கும் பொருளை அளக்க மலிவான மின்சுற்றும் ஒரு நொதியும் போதும்.

அடுத்து டிரோபோனின். மாரடைப்பில் இதயத் தசையிலிருந்து கசியும் புரதம் இது. லிட்டருக்கு 14 நானோகிராம் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்கிறது பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையின் வரம்பு. அதே அரை மைக்ரோலிட்டரில் இந்த வரம்பளவு டிரோபோனின் இருந்தால் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரு லட்சம்தான் தேறும். குளுக்கோஸைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் குறைவு. இவ்வளவு அரிதான பொருளைப் பிடிக்க எதிர்ப்பொருள் வேண்டும். ஒட்டாததைக் கழுவித் தள்ள வேண்டும். கிடைத்த சமிக்ஞையைப் பெருக்க வேண்டும். டிரோபோனினுக்கான கைக்கருவிகள் பல ஆண்டுகளாக உண்டு என்றாலும் ஆய்வகத்தின் நுண்ணுணர்வை அவை நெருங்கத் தொடங்கியது அண்மையில்தான்.

இன்னும் கீழே இறங்கினால் கணக்கு அடிபட்டே போகிறது. ரத்தத்தில் கிருமி கலந்து உயிருக்குப் போராடும் பெரியவருக்குக்கூட ஒரு மில்லிலிட்டரில் பத்துக்கும் குறைவான பாக்டீரியாக்களே இருப்பது வழக்கம். பத்து என்றே வைத்துக்கொள்வோம். விரலிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் சராசரியாக 0.1 பாக்டீரியா. பத்துச் சொட்டுகளில் ஒன்பதில் ஒரு கிருமிகூட இருக்காது. இல்லாததை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. மரபணுவைப் பெருக்கிக் கிருமியைக் காட்டும் பி.சி.ஆர்., அதுவும் உலகிலேயே சிறந்தது, உள்ளே இருந்தாலும் சரி. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்குப் புட்டி ஒன்றுக்கு 8 முதல் 10 மி.லி. வரை இழுப்பதைப் பார்த்து நோயாளியின் உறவினர்கள் ‘இவ்வளவு ரத்தமா?’ என்று பதறுவார்கள். அந்த அளவுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். பொறியாளர் கெட்டிக்காரராக இருந்து இதை மாற்றிவிட முடியாது.

இனி, வெற்றி பெற்ற கருவி எப்படி வெற்றி பெற்றது என்று பாருங்கள். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற காகிதப் பட்டையைக் கொண்டுவந்தது. பெரிய சொட்டாக ரத்தம் வைத்து, 60 நொடி கழித்துத் தண்ணீரில் கழுவி, பட்டையில் ஏறிய நீல நிறத்தை வண்ண அட்டையோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் ஒருவர் சொல்லும் நீலம் இன்னொருவருக்கு வேறு நீலம். 1970 வாக்கில் அதே நிறுவனம் நிறத்தை அளக்கும் மீட்டரை விற்பனைக்கு விட்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. சர்க்கரை நோயாளியான பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு அதை விற்க மறுத்ததால், மருத்துவரான மனைவியின் பெயரில் வாங்கினார். தன் ரத்தச் சர்க்கரையை நாள்தோறும் பலமுறை தானே அளந்து இன்சுலினைத் திருத்திக்கொண்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். தன் அனுபவத்தை மருத்துவ உலகம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதால் நாற்பது வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நோயாளியின் கையில் அளவுகோலைக் கொடுப்பதா என்ற தயக்கம் அன்று எவ்வளவு பலமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிறத்தை விட்டு மின்சாரத்துக்கு மாறியதும் கருவி சுருங்கியது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 1987-இல் பேனா வடிவ மீட்டர் ஒன்று வந்தது. இன்றைய பட்டைகள் அதன் வாரிசுகள். ஒரு பட்டையை எடுத்து நுனியை உற்றுப் பாருங்கள்; சன்னமான பிளவு ஒன்று தெரியும். ரத்தத்தை மேலே தடவக் கூடாது. பிளவின் ஓரத்தைச் சொட்டில் தொட்டால் நுண்புழை ஏற்றத்தால் ரத்தம் தானாக உள்ளே ஓடும். உள்ளே காய்ந்த நிலையில் காத்திருக்கும் நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும். இடையில் நிற்கும் ஒரு வேதிப்பொருள் அவற்றை மின்முனையில் கொண்டுசேர்க்கும். மீட்டர் அளப்பது அந்த மிகச் சிறிய மின்னோட்டத்தை. ஐந்து நொடியில் திரையில் எண் வந்துவிடுகிறது.

அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரம் 2013-இல் சொன்னது: 100 மி.கி.-க்கு மேல் இருந்தால், நூற்றுக்கு 95 ரீடிங்குகளாவது ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது உண்மையில் 200 இருப்பவருக்கு மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் கருவி ‘தேர்ச்சி’ பெற்றதே. இன்சுலின் அளவை அன்றாடம் திருத்தவும், தாழ்சர்க்கரையில் மயங்கியவரை அடையாளம் காணவும் இது தாராளமாகப் போதும். ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று முதன்முதலாக எழுதிக் கொடுக்கப் போதாது. அதற்குச் சிரை ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மீட்டரைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் பட்டைப் புட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பேன். மூடி திறந்தபடி, ஜன்னல் ஓரத்தில் இருக்கும். அந்த மூடியிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. நம் ஊர் மழைக்காலக் காற்றில் திறந்து வைத்தால் நொதி கெட்டுவிடும். இன்னொன்று, மாம்பழம் நறுக்கிய கை. பழத்தின் சர்க்கரை விரலில் ஒட்டியிருக்கும்போது குத்தினால் ரீடிங் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைப்பது போதாது. தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். ரத்தசோகை உள்ளவருக்கு மீட்டர் கூடுதலாகவும், சிவப்பணு மிகுந்தவருக்குக் குறைவாகவும் காட்டும் போக்கு உண்டு. இவை அன்றாடக் கோளாறுகள். உயிர் போன கதையும் இருக்கிறது. ஒருவகை நொதி கொண்ட பட்டைகளுக்குக் குளுக்கோஸுக்கும் மால்டோஸுக்கும் வேறுபாடு தெரியாது. வயிற்று வழி டயாலிசிஸுக்கான சில கரைசல்களைப் பயன்படுத்துபவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் சேரும். சர்க்கரை அதிகம் என்று மீட்டர் காட்ட, இன்சுலின் ஏற்றப்பட்டு, உண்மையில் தாழ்ந்திருந்த சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். இப்படி 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது.

இனி இரண்டாவது கேள்வி, விரல். விரல் நுனியிலிருந்து வருவது சுத்தமான ரத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். சிறு தமனி, சிறு சிரை, தந்துகி எல்லாவற்றின் ரத்தமும், அவற்றுக்கு வெளியே இருக்கும் திசு நீரும் கலந்த கலவை அது. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசு நீர் கூடும், சிவப்பணுக்கள் உடையும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல் உண்டு. கொஞ்சம் உடைந்தாலே, 4 என்று வர வேண்டிய பொட்டாசியம் 6 என்று வந்து மருத்துவரைப் பதறவைக்கும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடு என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்படி ஒழுங்காக எடுத்தாலும் ஒரு சொட்டு அடுத்த சொட்டைப் போல இருப்பதில்லை. டெக்சாஸில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் மீகன் பாண்ட், ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் இருவரும் ஒரே விரல் குத்தலிலிருந்து அடுத்தடுத்த சொட்டுகளை எடுத்து ஹீமோகுளோபினையும் அணுக்களையும் அளந்தார்கள். சிரை ரத்தத்தின் நிலைத்தன்மை வேண்டுமானால் ஆறு முதல் ஒன்பது சொட்டுகளின் சராசரியை எடுக்க வேண்டியிருக்கிறது என்று 2015-இல் எழுதினார்கள்.

இது ஆய்வக நுணுக்கம், நமக்கெதற்கு என்று தோன்றலாம். நம் நாட்டின் கொள்கையையே அசைத்த விஷயம் இது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் விரல் சொட்டை ஹீமோகியூ என்ற கைக்கருவியில் வைத்து ஹீமோகுளோபின் அளந்தார்கள். நல்ல கருவி, 1980-களில் ஸ்வீடனில் பிறந்தது, 10 மைக்ரோலிட்டர் பிடிக்கும் சிறு கண்ணறை ஒன்றில் ரத்தம் ஏறியதும் ஒளியால் அளந்துவிடும். 2015-16 சுற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது; அடுத்த சுற்றில் 67.1. ஆனால் 2016-18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, சிரை ரத்தம் எடுத்து ஆய்வக இயந்திரத்தில் அளந்தபோது ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் என்றுதான் வந்தது. வயது வரம்பு கொஞ்சம் மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து இந்த இடைவெளியை முழுக்க விளக்க முடியாது. கடைசியில், குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஆறாவது சுற்றிலிருந்து ஹீமோகுளோபின் அளவீட்டையே எடுத்துவிட்டு, சிரை ரத்தத்தை வைத்துத் தனிக் கணக்கெடுப்பு நடத்த முடிவானது. அதற்காக நாட்டில் ரத்தசோகை பெரிய பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. 41 சதவீதமும் வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் ஒரு கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 10.2 என்று ஒரே சொட்டில் வந்தால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 2-ஐ நான் நம்பமாட்டேன்.

‘ஒரே சொட்டில் எல்லாம்’ என்ற கனவை உலகத்துக்கே விற்ற நிறுவனம் தெரனாஸ். எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில், 2003-இல் தொடங்கியது. விரல் ரத்தத்தில் 200-க்கும் மேற்பட்ட சோதனைகள் என்றார். 2014-இல் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் எனப் பேசப்பட்டது. 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ எழுதத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. சொந்தக் கருவியில் செய்தது சொற்பச் சோதனைகளே. மீதியை மற்ற நிறுவனங்களின் பெரிய இயந்திரங்களில், போதாத ரத்தத்தை நீர்க்கச் செய்து ஓட்டியிருந்தார்கள். 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றம் உறுதியாகி, 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதில் எனக்கு வியப்பானது மோசடி அல்ல. விரல் சொட்டின் குறைகள் எல்லா ஆய்வகத்தாருக்கும் தெரிந்திருந்தும், பன்னிரண்டு ஆண்டுகள் பணம் போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு லேப் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்?

ஆர்ப்பாட்டமில்லாமல் வெற்றி பெற்றதற்கு உதாரணம் ஐ-ஸ்டாட். 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கைக்கருவி. அவசரப் பிரிவுகளில் இன்றும் ஓடுகிறது. சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், ரத்த வாயு என்று முக்கியமாகக் குவிந்து கிடக்கும் பொருள்களைத்தான் ஒரு கார்ட்ரிட்ஜில் சேர்த்து அளக்கும். வேண்டிய ரத்தம் 95 மைக்ரோலிட்டர் வாக்கில். பெரும்பாலும் சிரையிலோ தமனியிலோ சிரிஞ்சில் எடுத்ததை ஊற்றுகிறோம். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அளவு தெரிந்த கரைசல் ஒரு சிறு பையில் இருக்கும். ரத்தத்தைத் தொடுவதற்கு முன் கருவி அந்தக் கரைசலை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேட்கும் கேள்வியை அளவோடு வைத்ததால்தான் பதில் நம்பும்படி வருகிறது.

பட்டை வகைச் சோதனைகளுக்கு வருகிறேன். கர்ப்பச் சோதனை, மலேரியா, கொரோனா எல்லாம் ஒரே குடும்பம். மாதிரி ஊறும் பஞ்சு, அதையடுத்து எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய தங்கத் துகள்கள், பிறகு நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, கடைசியில் ஈரத்தை இழுக்கும் அட்டை. நாம் பார்க்கும் சிவப்புக் கோடு, சவ்வில் வந்து மாட்டிக்கொண்ட தங்கத் துகள்களின் நிறம். மின்சாரம் வேண்டாம், பயிற்சி அதிகம் வேண்டாம். கட்டுப்பாட்டுக் கோடு வந்தது என்றால் திரவம் ஓடியது, துகள்கள் வேலை செய்கின்றன என்றுதான் பொருள். நோயாளியின் மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டது என்று அது சான்று தராது. மூக்கில் குச்சியை விடாமலே பட்டையில் வெறும் கரைசலை ஊற்றினாலும் அந்தக் கோடு அழகாக வரும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தைப் போல (கரு வளராமல் நஞ்சுத் திசு கொத்துக் கொத்தாக வளரும் நிலை) ஹார்மோன் அளவுக்கு மீறிக் கொட்டிக் கிடந்தாலும் கர்ப்பப் பட்டை நெகட்டிவ் காட்டுவது உண்டு. எதிர்ப்பொருள்கள் எல்லாம் தனித்தனியே நிரம்பிவிடுவதால் கோட்டில் இணைப்பு உண்டாவதில்லை. சந்தேகம் வந்தால் சிறுநீரை நீர்க்கச் செய்து மறுபடி ஊற்றிப் பார்ப்போம்.

மலேரியாப் பட்டையின் கதை இன்னும் சுவாரசியம். பால்சிபாரம் ஒட்டுண்ணி வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத்தான் பெரும்பாலான பட்டைகள் தேடுகின்றன. குணமான பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஆகவே மருந்து கேட்டதா என்று பார்க்க இந்தப் பட்டை உதவாது. பெரிய அடி 2010-இல் வந்தது. பெருவின் அமேசான் பகுதியில் அந்த மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் இருப்பதாகக் கண்டார்கள். பின்னர் எரித்ரியாவிலும் அவை பரவியிருந்து, நாடு முழுக்கப் பட்டையை மாற்ற வேண்டியதாயிற்று. பட்டை நெகட்டிவ் என்றால் மருந்து கிடையாது என்ற முறை இருக்கும் இடத்தில், பட்டையின் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிதான் பிழைத்துப் பரவும். இப்படித் தப்புபவை 5 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில் வேறு பட்டைக்கு மாறுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மலிவான பட்டையைக் கண்டவுடன் எல்லோருக்கும் போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பேரில் 10 பேருக்கு நோய். பட்டை நோயில்லாதவர்களில் 98 சதவீதத்தைச் சரியாகச் சொல்லும் என்று வைப்போம். நோயுள்ள 10 பேரையும் அது பிடித்துவிட்டாலும், நோயே இல்லாத 200 பேருக்குப் பாசிட்டிவ் காட்டும். கையில் பாசிட்டிவ் பட்டையோடு நிற்பவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும் போட்டால் அதே பட்டை நல்ல பட்டை.

நம் நாட்டிலிருந்து வந்ததில் எனக்கு உண்மையாகவே பெருமை தருவது, காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.-வைத் தேடும் ட்ரூநாட் கருவி. பெங்களூரின் பிக்டெக் ஆய்வகமும் கோவாவின் மோல்பயோ நிறுவனமும் உருவாக்கியது. காசநோய்க்கு இதற்கு முன் இருந்த வழி, சளியைக் கண்ணாடியில் பூசிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். 2010 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற அமெரிக்கக் கருவியைப் பரிந்துரைத்தது. சோதனை அருமையானது. ஆனால் தடையில்லா மின்சாரமும் 30 டிகிரிக்குள் இருக்கும் அறையும் கேட்கும். நம் ஊர்களில் மே மாதத்தில் ஏ.சி. இல்லாமல் அதை ஓட்ட முடியாது. ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், ஏ.சி. வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் காசநோய்க்கு அதைப் பரிந்துரைத்தது. கொரோனா வந்த முதல் மாதங்களிலேயே காசநோய்க்காக வைத்திருந்த அதே பெட்டிகளில் கொரோனாவுக்கான சில்லை (சிப்) போட்டு ஓட்ட முடிந்தது.

அதை ஓட்டுவதை அருகிலிருந்து பார்த்தால், எது சுருங்கியது, எது சுருங்க மறுக்கிறது என்று விளங்கிவிடும். சளி கொழகொழவென்று இருக்கும். முதலில் அதை நீர்த்துப் போகச் செய்யும் கரைசலைக் கலந்து காத்திருக்க வேண்டும். பிறகு அதில் கொஞ்சத்தைத் தனிப் பெட்டி ஒன்றின் கார்ட்ரிட்ஜில் ஊற்றினால், 20 நிமிடத்தில் கிருமியை உடைத்து டி.என்.ஏ.-வைப் பிரித்துத் தரும். அதில் 6 மைக்ரோலிட்டரை, உறைகுளிரில் உலர்த்திய மருந்து இருக்கும் குட்டிக் குழாயில் விட்டு, கரைந்து தெளியும்வரை பொறுத்து, மறுபடி 6 மைக்ரோலிட்டர் எடுத்துச் சில்லின் நடுவில் இருக்கும் சிறு குழியில் குமிழி வராமல் விட வேண்டும். குமிழி வந்தால் சோதனை செல்லாது. மொத்தம் ஒரு மணி நேரம். ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்று பார்க்க இன்னொரு சில், இன்னொரு மணி நேரம். சில் என்னவோ நகத்தளவுதான். டி.என்.ஏ. பிரிக்கும் பெட்டிதான் இடத்தை அடைக்கிறது. அழுக்கான, கெட்டியான, ஆளுக்கு ஆள் மாறும் மாதிரியைச் சுத்தமான திரவமாக்கும் வேலை, அளக்கும் வேலையைவிட எப்போதும் பெரிது.

அந்தச் சுத்திகரிப்பைச் சுருக்கியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ். சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து இழுத்துச் சுற்றுவோமே, அதே விளையாட்டை வைத்து 2017-இல் காகிதத்தில் ஒரு மையவிலக்கி செய்தது அவரது குழு. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று; ஒன்றரை நிமிடத்தில் ரத்தம் பிரிந்துவிடும்; ஆன செலவு 20 அமெரிக்கக் காசு.

சோதனையின் பதில் வந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். காசநோய் உறுதியானவர்களில் யார் இறக்கக்கூடியவர் என்று முன்கூட்டி அறிய, எடையும் உயரமும், கால் வீக்கம், மூச்சின் வேகம், பல்ஸ் ஆக்சிமீட்டர் ரீடிங், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஆய்வகம் எதுவும் வேண்டாம். மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீடு வீடாகப் போவது குளுக்கோமீட்டரும் ரத்த அழுத்தக் கருவியும்தான். அதே தன்னார்வலர் மாத்திரையையும் கொண்டுவருவதால் அந்த ரீடிங்குக்கு அர்த்தம் உண்டாகிறது. ஆக்சிமீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கறுத்த தோலில் அது சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வில், மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் தவறவிடப்பட்டது. 94 என்று காட்டினால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பாமல் ஆளைப் பாருங்கள்.

உங்கள் தம்பிக்கு நான் வாங்கச் சொல்வது: தரமான குளுக்கோமீட்டர், ஹீமோகுளோபின் கைக்கருவி ஒன்று, கர்ப்பப் பட்டை, சிறுநீர்ப் பட்டை, ஆக்சிமீட்டர், மலேரியா வரும் பகுதியாக இருந்தால் இரண்டு புரதங்களைத் தேடும் மலேரியாப் பட்டை. தைராய்டு, கிரியாட்டினின், கல்லீரல், பொட்டாசியம் எல்லாவற்றுக்கும் சிரை ரத்தம் எடுத்து அருகிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். காசநோய்ச் சந்தேகம் என்றால் சளியை அரசு மையத்துக்கு அனுப்பினால் போதும், சோதனை இலவசம். விற்க வந்தவரிடம் கருவியைப் பார்க்கும் முன், ஒவ்வொரு சோதனைப் பட்டையோடும் வரும் விளக்கத் தாளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த மாதிரியில், எத்தனை பேரிடம், எந்த ஆய்வக இயந்திரத்தோடு ஒப்பிட்டார்கள் என்று அதில் இருக்க வேண்டும். 50 சோதனைக்கும் 50 தாள் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. கருவியின் விலையைவிட, கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலையும் அது காலாவதியாகும் தேதியும் முக்கியம். மாதத்துக்கு இரண்டு பேர் வரும் சோதனைக்கு 25 அடங்கிய பெட்டி வாங்கினால் பாதி குப்பைக்குப் போகலாம்.

வாங்கிய பிறகு, அளவு தெரிந்த கட்டுப்பாட்டுக் கரைசலை ஊற்றி ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஒரே நோயாளியின் ரத்தத்தைக் கருவியிலும் ஆய்வகத்திலும் போட்டு ஒப்பிடலாம். மாதிரி அனுப்பப் போகும் ஆய்வகம், வேலூர் சி.எம்.சி. நடத்துவதைப் போன்ற வெளித் தரச் சோதனையில் பங்கேற்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பட்டும்.

கடைசியாகக் கழிவு. விரல் குத்தும் லான்செட் ஊசிகள், ஊசி துளைக்காத வெள்ளைக் கொள்கலனுக்கும், ரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கும் போக வேண்டும். பின்னாளில் பி.சி.ஆர். வகைக் கருவி ஏதாவது வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள்: டி.என்.ஏ. பிரிக்கும் கரைசல்கள் பலவற்றில் குவானிடின் தயோசயனேட் உண்டு. பயன்படுத்திய கார்ட்ரிட்ஜைப் பழக்கதோஷத்தில் பிளீச்சிங் கரைசலில் அமிழ்த்தினால் நச்சு வாயு கிளம்பும். அறை சிறியதாக இருந்தால் ஆபத்து அதிகம். விளக்கத் தாளில் கழிவு பற்றிய பக்கத்தை முதல் நாளே செவிலியருக்குப் படித்துக் காட்டிவிடட்டும்.